நின்றுகொண்டே சாப்பிட்ட வருஷங்கள்

மாமா,

இன்று காலை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பரணிலிருந்து உங்கள் நீலத் தார்ப்பாயை இறக்கி விரித்தேன். உப்பு வாடையோடு, மடிப்புக்குள்ளிருந்து உங்கள் இடது கால் செருப்பும் விழுந்தது. அக்கா அதை எத்தனை நாள் தேடினாள்! நாய் தூக்கிப் போனதாக ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். நாயின் நிறத்தைக்கூடச் சொன்னேன்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன்தான் நான். ஆனாலும் டீக்கடையில் வாயைத் திறந்தால் பட்டம் படித்தவனும் டீயை ஆறவிட்டுக் கேட்பான். நீங்கள் மட்டும் அக்காவிடம் சொல்வீர்கள்: "உன் தம்பி பேச்சை நாலால வகுத்துக்க."

உங்களுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும்போது, ஒரே கோடையில் மூன்று முறை காலம் தப்பி மழை பெய்தது. நம் உப்பளத்துப் பாத்தியிலிருந்து வாரிக் கரையில் குவித்த உப்பு, மூன்று முறையும் கீற்றுப் போட்டு மூடுவதற்குள் கரைந்து போனது. அதற்குப் பிறகு நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டை ஏந்திக்கொண்டு வாசலில் நிற்பீர்கள். கழுவெளி ஏரிப் பக்கத்து வானத்தைப் பார்த்தபடி ஒரு வாய். நெடுநேரம் கழித்து இன்னொரு வாய். உப்பு எடுக்காத மாதங்களிலும் அப்படித்தான். தூக்கமும் போயிற்று என்று அக்கா சொன்னாள்.

"என்ன மாமா யோசனை?"

"ஒண்ணுமில்லப்பா. நீ சாப்புடு."

பத்து வருஷத்துக்கு மேல் இதே பதில். நானும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன். "எங்க மாமா கருங்கல்லுப்பா. இடியே விழுந்தாலும் இடிதான் உடையும்" என்று கடைத்தெருவில் சொல்லித் திரிந்தேன்.

அறுபது தாண்டியதும் கத்திரி வெயிலில் ஒருநாள், "மழை வருது, மூடுங்க" என்று கத்தினீர்கள். மேகம் என்று ஒரு பொட்டுகூட இல்லை. அன்று சாயங்காலம் இரும்பை ஊரில் நாலு தூறல் விழுந்ததாகக் கேள்வி. அந்த நாலு தூறலை நான் புயலாக்கினேன். எங்கள் மாமாவுக்கு மழையை மோப்பம் பிடிக்கத் தெரியும் என்று அடித்துவிட்டேன். பக்கத்து அளத்துக்காரர்கள் உங்களைத் தேடிவந்து கேட்கத் தொடங்கினார்கள். "இன்னிக்கு எப்படிங்க?" நீங்கள் எப்போதும், "மூடு" என்பீர்கள். அவர்களும் மூடினார்கள்.

பிறகு மாடியில் காய்ந்த வடகத்தை மூடினீர்கள். எதிர்வீட்டு ஸ்கூட்டரை மூடினீர்கள். அடுப்பை மூடினீர்கள். "பாத்தியாக்கா, எவ்ளோ முன்ஜாக்கிரதை!" என்று சிரித்தேன். இரண்டு வருஷம் அப்படியே சிரித்தேன், மாமா.

ஒரு மத்தியானம் சோறு போட வந்த அக்காவைப் பார்த்து, "நீங்க யாரும்மா? உங்க உப்பை மூடிட்டீங்களா?" என்று கேட்டீர்கள். அன்றைக்குத்தான் என் சிரிப்பு நின்றது.

புதுச்சேரிக்கு உங்களைக் கூட்டிப்போய்க் காட்டியபோது டாக்டரம்மா, "நடு வயசுல எப்படி இருந்தாருங்க?" என்று கேட்டார்கள். நான் கருங்கல் கதையை எடுத்தேன்.

"நீ சும்மா இருடா" என்றாள் அக்கா. "பத்து வருஷம் நின்னுக்கிட்டே சாப்புட்டாருங்க. எதையும் வாய் தொறந்து சொல்ல மாட்டாரு."

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்கள்: "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. ஆனா ரொம்ப வருஷம் மனசுல அழுத்தம், தூக்கமில்லாதது, பாக்காம விட்ட பிரஷர் எல்லாம் வயசான பின்னாடி மனசையும் ஞாபகத்தையும் பாதிக்கலாம். மொதல்லயே கூட்டியாந்திருந்தா கொஞ்சம் சமாளிச்சிருக்கலாம்."

அந்த 'மொதல்லயே' என்னால் போனது. இதை நாலால் வகுக்க முடியவில்லை.

நீங்கள் போன பிறகு அளத்தை நான்தான் பார்க்கிறேன். அன்று உங்களுக்கு இருந்த வயதுதான் இன்று எனக்கு. இந்தக் கோடையிலும் மழை இரண்டு முறை வந்துவிட்டது. தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, இட்லித் தட்டோடு வாசலில் நின்றேன்.

"டேய்" என்றாள் அக்கா, பின்னாலிருந்து. "எவ்ளோ நாளா நின்னுக்கிட்டுச் சாப்புடுற?"

"ஒண்ணுமில்லக்கா. நீ..."

சொன்னது நான்தான், குரல் உங்களுடையது. அவள் முகத்தைப் பார்த்தேன். உங்களைப் பார்த்துக்கொண்டே கழித்த அத்தனை வருஷமும் அதில் இருந்தது.

தட்டைத் தரையில் வைத்து உட்கார்ந்தேன். "ரெண்டு மாசமா தூக்கமில்லக்கா. மழையை நெனச்சா நெஞ்சு அடிச்சுக்குது. பயமா இருக்குது."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். "தின்னு. போய் உப்பை மூடிட்டு, அப்படியே டாக்டரம்மாகிட்ட போயிடலாம்."

குவியலை இரண்டு பேருமாக மூடினோம். மழை வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. வந்தது என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும்தான். ஆனால் இன்று ஒரு சொல்கூடச் சேர்க்க மனமில்லை, மாமா.

பஸ்ஸுக்கு நிற்கிறோம். அக்கா பெஞ்சில் எனக்கு உட்கார இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.