உன் பெயரைச் சொல்லி வந்தவள்

எலுமிச்சைப்புல் போட்ட டீயின் வாசம் இன்று நேர்காணல் அறைக்குள் வந்தபோது நீயும் கூடவே வந்துவிட்டாய். வெளியே பெய்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியாத புனே தூறல். ஆய்வு மாணவர் சேர்க்கையின் கடைசி நாள். மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம்.

வேலையில் சேர்ந்த புதிதில், டீயில் எதற்குப் புல்லைப் போடுகிறார்கள் என்று முகம் சுளித்த கோயம்புத்தூர்க்காரி நான். "மாட்டுக்குப் பிடிக்கும்லா, உனக்கும் பிடிக்கும்ட்டி, குடி" என்று திருநெல்வேலிப் பேச்சில் என் கையில் கோப்பையைத் திணித்தாய். அன்று தொடங்கியதுதான் நம் சிநேகம்.

விண்ணப்பித்தவர்கள் கரும்பலகையில் எழுதியதை முடிவெடுக்கும் வரை துடைக்கக் கூடாது என்பது இந்த அறையில் உன் சட்டம். ஆளுக்கு ஒரு மூலை. மற்றவர்கள் மதிப்பெண்களைப் புரட்டிக்கொண்டிருக்க, நீ டீயோடு போய்ப் பலகை முன்னால் நிற்பாய், கடற்கரையில் நிற்பவள் மாதிரி. நான் பக்கத்தில் வந்தால், "விடையை எல்லாரும்தான் எழுதுதாவ. எதை அடிச்சிருக்காவன்னு பாரு" என்பாய். உன் கையெழுத்தே மொத்தமாக ஒரு அடித்தல்தானே என்று நான் கேலி செய்வேன். அதற்கும் சிரிப்பாய்.

இன்று கடைசியாக வந்த பெண்ணின் பெயர் சாயலி. பக்கத்து ஊர் தளேகாவிலிருந்து லோக்கல் ரயிலில் வந்திருந்தாள், துப்பட்டா பாதி நனைந்திருந்தது. உலோகம் களைத்துப்போய் எப்படி விரிசல் விடுகிறது என்று எழுதிக் காட்டச் சொன்னோம். உன் பாடம்தான். எழுதினாள், நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அடுத்த கேள்விக்குப் போகும் நேரத்தில் அவள் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். "சாரி, இந்த இடம் எனக்கே நம்பிக்கையா இல்ல" என்று இந்தியில் சொல்லிவிட்டு ஒரு வரியின் குறுக்கே கோடு இழுத்தாள்.

யாரிடம் ஆய்வு செய்ய விருப்பம் என்று துறைத்தலைவர் வழக்கம்போலக் கேட்டார். அவள் உன் பெயரைச் சொன்னாள்.

துறையின் இணையதளத்தில் உன் படம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. எடுத்துவிட யாருக்கும் மனம் வரவில்லை. அதைப் பார்த்துத்தான் இந்தப் பெண் விண்ணப்பித்திருக்கிறாள்.  அவளை வெளியே காத்திருக்கச் சொன்னோம்.

"வழிகாட்டி இல்லாமல் சேர்க்க முடியாது. அந்தப் பையனுக்கே கொடுத்துவிடலாமே" என்றார் தலைவர். காலையில் வந்த பையன், பெரிய கல்லூரி, நல்ல மதிப்பெண். அவர் சொன்னதில் தப்பில்லை.

நான் டீயை எடுத்துக்கொண்டு நீ நிற்கும் இடத்தில் போய் நின்றேன். பையனின் மூலை அத்தனை சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுடைய மூலையில், நாங்கள் சரியென்று ஏற்றுக்கொண்ட வரியையே அவள் அடித்திருந்தாள். உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இதைப் பார்க்க இருந்திருக்க வேண்டியவள், என்ன அவசரம் என்று போய்ச் சேர்ந்தாய்?

"நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

"இது உங்கள் பாடமே இல்லையே, மேடம்."

"படிச்சுக்கறேன்."

டீ ஆறிப்போகும் வரை வாதாடினோம். கடைசியில் தலைவர் சரி என்றார்.

வராந்தாவில் வைத்து, இடம் கிடைத்ததையும் நீ இல்லாததையும் அவளிடம் நான்தான் சொன்னேன். துப்பட்டாவின் நனைந்த முனையைப் பிழிந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "மேடத்தோட கட்டுரையில ஒரு வரி தப்புன்னு தோணிச்சு. அதை அவங்ககிட்டயே கேக்கலாம்னுதான் வந்தேன். உள்ள அடிச்சேனே, அந்த வரிதான்."

நாங்கள் தலையாட்டியது உன் வரிக்கு.

வீட்டுக்கு வந்து உன் கட்டுரைகளை முதலிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். பாதி புரியவில்லை. உன்னோடு சண்டை போட வந்தவளுக்கு இனி உன் பக்கம் நின்று பதில் சொல்ல வேண்டியவள் நான். அவள் ஜெயித்தால் நீ கைதட்டிச் சிரிப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் நான் அவ்வளவு சுலபத்தில் உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன்.