வட்டத்தில் சொன்னது

கீழ் டிவிசன்,
பசறை.
2024.02.11

அன்புள்ள முஷ்ரிபா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் கொழும்பில் சுகமாகத்தான் இருப்பீர்கள், எங்களை விட்டுத் தொலைந்தீர்களே! உங்கள் தொண்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று பெட்டி கட்டிய அன்று, மாதம் ஒரு கடிதம் போடுவேன் என்று சத்தியம் செய்தது யார்? போன் எடுக்கலாம்தான். சிக்னலுக்குக் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும், அங்கே நின்று பேசினால் லயத்து வீட்டு ஆட்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கரப்பந்து நிற்கவில்லை. ஞாயிறு தவறாமல் நெட் கட்டுகிறோம். நீங்கள் போனதும் சிவசக்திக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எதிர்ப்பக்கம் நின்று என் மூஞ்சியைப் பார்த்தே அடிக்கிறாள். போன வாரம் மூக்கில் பட்டு இரத்தம் வந்துவிட்டது. "மூக்குதானேடி, பல்லு போகலைல்ல? எந்திரிச்சு ஆடு" என்கிறாள் எருமை. அடுத்த பந்தை நான் அவள் தோளிலேயே போட்டேன். கணக்குச் சரி.

ஆட்டம் முடிந்ததும் நீங்கள் பழக்கியபடியே வட்டமாக உட்கார்ந்து மனதில் இருப்பதைப் பேசுகிறோம். "வட்டத்துல சொன்னது வட்டத்தோட" என்று உங்கள் குரலிலேயே நான் தொடங்கி வைப்பேன், எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் உங்களிடம் சொன்னதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. உயர்தரப் பரீட்சை ரிசல்ட் வந்த அன்று இனி இருக்கவே வேண்டாம் என்று வீட்டை விட்டு இறங்கியதும், பாதி வழியில் திரும்பி வந்ததும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்கு அது வெறும் காய்ச்சல்.

ஆடும்போது அந்த ஞாபகமே வருவதில்லை அக்கா. அங்கே என்னை யாரும் பாவம் பார்ப்பதில்லை. அது போதும் எனக்கு.

உங்கள் தங்கை,
யசோதினி


கொழும்பு.
2024.03.20

என் அன்புத் தங்கச்சி யசோதினிக்கு,

நோன்போடு எழுதுகிறேன், திட்டாமல் படி. வேலை என்னைப் பிழிந்து எடுக்கிறது. வாப்பா வேறு பதுளைக் கடையிலிருந்து தினமும் கோல் எடுத்து, "எப்ப மகள் ஊருக்கு வாற?" என்று கேட்கிறார்.

உனக்கு ஒரு சந்தோஷமான செய்தி. போன வாரம் பெரிய மண்டபம் ஒன்றில் நம் வேலையைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். விளையாட்டு பிள்ளைகளின் மனதுக்கு என்ன செய்யும் என்று ஒரே புள்ளிவிவரமாகப் போய்க்கொண்டிருந்தது. பாதிப் பேர் கொட்டாவி. எனக்குப் பொறுக்கவில்லை. உன்னைப் பற்றிச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. கீழ் டிவிசன், ரிசல்ட் வந்த நாள், பாதியில் திரும்பி வந்தது, பிறகு கரப்பந்து, அவ்வளவுதான். பின்னால் திரையில் நம் டீம் படம். சிலர் அழுதே விட்டார்கள். உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

ஊவா மாகாணத்தில் இன்னும் பல தோட்டங்களுக்கு நெட்டும் பந்தும் பயிற்சியாளரும் கிடைக்கப் போகிறது. எல்லாம் உன்னால்.

அம்மாவுக்கு என் சலாம் சொல்.

அன்புடன்,
முஷ்ரிபா அக்கா


கீழ் டிவிசன்.
2024.04.28

அக்கா,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நீங்கள் மேடையில் பேசிய வீடியோ இங்கே வந்துவிட்டது.

பெயர் சொல்லவில்லையாம்! கீழ் டிவிசனில் அந்த வருடம் உயர்தரம் எழுதிய பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாதா? நானும் சிவசக்தியும்தான். அவள் பாஸ். திரையில் நான் நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அம்மா அதைப் பெரட்டில் கேட்டிருக்கிறாள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்றபோது, "ஒம் மகளைப் பத்திரமாப் பாத்துக்க" என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். கொழுந்துக் கூடையோடு அப்படியே திரும்பி வந்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "ஊரான் வீட்டுப் புள்ளைகிட்ட சொன்ன. பெத்தவகிட்ட சொல்ல மனசு வரலையாடி?" என்று கேட்டுவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதாள். இப்போது குளிக்கப் போனால்கூட வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அதையும் தாங்கிக்கொள்வேன். ஆட்டத்துக்குப் போனேன் பாருங்கள், அதுதான் முடியவில்லை. சிவசக்தி என் பக்கம் அடிக்கவே இல்லை. அடித்தாலும் கைக்குழந்தைக்குப் போடுகிற மாதிரி மெதுவாகப் போடுகிறாள். நான் வெளியே அடித்த பந்தைக்கூட உள்ளே விழுந்தது என்றார்கள். "ஒழுங்கா அடிடி!" என்று கத்தினேன். அவள் கண்ணில் தண்ணீர். "இல்ல யசோ, நீ சந்தோசமா ஆடு" என்கிறாள். வட்டத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

உங்களை நம்பினேன் அக்கா. பெற்ற தாயை விட நம்பினேன். நீங்கள் எனக்குத் துரோகம் செய்துவிட்டீர்கள். இதை விட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

யசோதினி


கொழும்பு.
2024.05.06

என் யசோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மன்னித்துக்கொள். அல்லாஹ் அறிய உனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. வீடியோவை எடுக்கச் சொல்லிவிட்டேன், எடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதே. பண்டாரவளைப் பக்கம் ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டுத் தன் டீச்சரிடம் போய், "எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு இப்போது உதவி கிடைத்திருக்கிறது. அதை நான் எப்படித் தப்பு என்று சொல்வேன்?

எல்லோருக்கும்தான் தெரிந்துவிட்டதே. பதுளையில் அடுத்த மாதம் கூட்டம் இருக்கிறது. நீயே வந்து இரண்டு வார்த்தை பேசினால் ஊர் வாய் அடங்கும். யோசித்துப் பார். வெசாக் லீவில் நான் தோட்டத்துக்கு வருகிறேன், நேரில் பேசுவோம்.

உன் அக்கா,
முஷ்ரிபா


2024.07.14

முஷ்ரிபா அக்காவுக்கு,

வெசாக்குக்கு வந்தீர்கள். அம்மாவின் கையைப் பிடித்து அழுதீர்கள். பாவம் அம்மா, உங்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்து, "விடு புள்ள, நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றாள். நானும் விட்டுவிடத்தான் நினைத்தேன். பண்டாரவளைப் பிள்ளையை நினைத்தால் எனக்கும் மனம் இளகுகிறது, அவள் நன்றாக இருக்கட்டும். அதனால்தான் உங்களைக் கரப்பந்து கோர்ட்டுக்குக் கூட்டிப் போனேன். "பழைய மாதிரி ஒரு சர்வ் அடிங்க" என்று கேட்டேன்.

உங்கள் சர்வ் வாங்கினால் என் கை சிவந்து போகும். பந்தை விட்டால், "தூங்கவா வந்த?" என்று நீங்கள் போடுகிற சத்தம் ஃபெக்டரி வரைக்கும் கேட்கும். அன்றைக்கு நீங்கள் கீழிருந்து தூக்கிப் போட்டீர்கள். பூப்போல வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், பந்து என் காலடியில் விழுந்தது. "பரவால்ல தங்கம், பரவால்ல" என்றீர்கள்.

ஊர் அப்படிப் போட்டதைத் தாங்கினேன். நீங்களுமா அக்கா?

பதுளைக் கூட்டத்துக்கு நான் வரவில்லை என்று வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் இப்போது தோட்டத்தில் இல்லை. அம்மாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் என் வாயாலேயே சொல்லி, அவள் சம்மதத்தை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். எப்போது மனம் கனத்தாலும் முதலில் அவளிடம் சொல்வதாகக் கையடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு இடத்தில் வேலை. பின்னேரம் பக்கத்துப் பிள்ளைகள் கரப்பந்து ஆடுகிறார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாளே ஒருத்தி அடித்த பந்து என் காதில் விழுந்து ரீங்காரம் போட்டது. "கண்ணை எங்க வச்சிருக்க? போய் ஓரமா குந்து!" என்று திட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். மறுபடி உள்ளே போய் நின்றேன்.

எந்த ஊர் என்று எழுத மாட்டேன். பதுளைக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அங்கேயே தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன், முத்திரையைப் பார்த்துத் தேட வேண்டாம். அம்மாவிடமும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டாள். உங்களிடம் சொன்னால் அதுவும் ஒரு நாள், ஏதோ ஒரு நல்ல காரியத்துக்காக, மேடை ஏறிவிடும்.

யசோதினி