ஒன்பதாம் வினாவின்போது கேட்ட ஆண் குரல் குறித்து

விடுநர்:
இளங்கலை வரலாறு மூன்றாம் ஆண்டு மாணவி,
இணையவழித் தொலைநிலைக் கல்வி, பதிவெண் 40718.
பணி: அருங்காட்சியகப் பை காப்பறை ஊழியர்.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
தொலைநிலைக் கல்வி இயக்ககம்.

பொருள்: 'நவீன உலக வரலாறு' தாளை ரத்து செய்து என்னை இரண்டாண்டுக்குத் தேர்வெழுதத் தடைசெய்த ஆணையை மறுபரிசீலனை செய்யவும், அத்தேர்வின் பதிவை அழிக்காமல் காக்கவும் வேண்டுதல்.

பார்வை: ஜூன் 22 விளக்கக் கேட்பு அறிவிப்பு; ஜூலை 9 காணொளி விசாரணை; ஜூலை 27 தண்டனை ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆணையை எதிர்த்து முறையிட முப்பது நாள் அவகாசம் அளித்திருந்தீர்கள். இன்று இருபத்து மூன்றாம் நாள். தாமதத்துக்கு அலட்சியம் காரணமல்ல. இதற்கு முன் மூன்று மனுக்கள் எழுதப்பட்டன. முதலாவதில் கோபம் மட்டுமே இருந்தது. இரண்டாவதை என்னாலேயே முழுதாகப் படிக்க முடியவில்லை. மூன்றாவதை என் கொழுந்தனார் எழுதித் தந்தார். அதை ஏன் அனுப்பவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

2. எனக்கு வயது நாற்பத்தாறு. அருங்காட்சியக வாசலில் பார்வையாளர்களின் பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுப்பது என் வேலை. பதினைந்து ஆண்டுகளாகச் செய்கிறேன். உள்ளே இருக்கும் பொருள்களைப் பற்றி யாராவது கேட்டால், உள்ளே போய்க் கேட்கச் சொல்லி அனுப்புவேன். ஒரு நாள் ஒரு பார்வையாளர் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டே, "இத்தனை வருஷமா வாசல்லயே இருக்கீங்க, உள்ள என்ன இருக்குன்னு நீங்க பார்த்ததே இல்லயாம்மா?" என்றார். கேலியாகக் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்த மாதமே தங்கள் இயக்ககத்தில் வரலாற்றுப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். வரும் டிசம்பரில் எங்கள் அருங்காட்சியகத்தில் காட்சிக்கூட வழிகாட்டிப் பணியிடம் ஒன்று காலியாகிறது. பட்டம் இருந்தால் எனக்குத் தருவதாகக் கண்காணிப்பாளர் சொல்லியிருக்கிறார். அடுத்த காலியிடம் வரும்போது நான் ஓய்வு பெற்றிருப்பேன்.

3. என் கணவர் லிப்ட் மெக்கானிக். தேர்வுக்குப் பதினான்கு மாதங்களுக்கு முன், ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி இயந்திர அறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கி விழுந்தார். வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் போயின. அப்போது நான் இரண்டாம் ஆண்டின் நடுவில் இருந்தேன். படிப்பை விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் வேலை முடிந்து வீடு திரும்பினால், ஒரு வார்த்தையும் இல்லாத அந்த அறையில் பேராசிரியரின் குரலாவது ஒலிக்கிறதே என்று பாடங்களைத் தொடர்ந்து ஓடவிட்டேன். எங்கள் வீடு ஒரே அறை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நான் மட்டும் கேட்பது, அவரை இன்னும் தனியாக விடுவது போலிருந்தது. எனவே சத்தமாகவே வைத்தேன். அவருடைய காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கும்போது பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஆண்டுகளும் ஊர்களும் எனக்கு அடிக்கடி மாறிப்போகும். நெப்போலியன் முதலில் அனுப்பப்பட்ட தீவு எல்பா, கடைசியில் இறந்த தீவு செயின்ட் ஹெலினா. இந்த இரண்டையும் நான் மாற்றிச் சொல்லாத நாளில்லை.

4. ஜூன் 14 தேர்வன்று கணவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போவதாகக் கொழுந்தனார் சொல்லியிருந்தார். காலையில் அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. போனில், "அண்ணன் என்ன அண்ணி, சத்தமா போடப்போறார்? திரைக்கு அந்தப் பக்கம் அவர்பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே துணித்திரையை இழுத்துவிட்டேன். கணினி வழியே கண்காணித்த மேற்பார்வையாளர் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னபோது, உடன் பணிபுரிபவரிடம் இரவல் வாங்கிய மடிக்கணினியைத் தூக்கிச் சுழற்றிக் காட்டினேன். திரையும் தெரிந்தது. மேற்பார்வையாளர் அதை விலக்கச் சொல்லவில்லை. நானும் விலக்கவில்லை.

5. அடுத்து, 'இந்த அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை' என்ற கட்டத்தில் குறியிட வேண்டியிருந்தது. குறியிட்டேன். ஐயா, இந்த இடத்தில் நான் தயங்கியிருந்தால் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டிருப்பேன். நான் தயங்கவே இல்லை. ஒரு நொடிகூட அவரை நினைக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் என்னோடு குடித்தனம் நடத்திய மனிதர் ஆறடி தூரத்தில் படுத்திருக்க, யாரும் இல்லை என்று கை தானாகக் குறியிட்டது. விதியை மீறியது உண்மை. அதற்குத் தாங்கள் விதிக்கும் தண்டனை எதுவானாலும், நான் எனக்கு விதித்துக்கொண்டதைவிடப் பெரிதாக இருக்காது.

6. ஒன்பதாம் வினா, நெப்போலியன் தன் இறுதிநாள்களைக் கழித்த தீவின் பெயரைக் கேட்டது. 'செயின்ட் ஹெலினா' என்று தட்டச்சு செய்தேன். பிறகு, சரிதானா என்று பார்க்க, பழக்கதோஷத்தில் வினாவை முணுமுணுத்தேன். உதடசைவு இருந்ததாகத் தங்கள் அறிவிப்பு சொல்வது உண்மையே. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "எல்பா" என்றது.

7. நான் எழுந்து ஓடினேன். நாற்காலி விழுந்த சத்தம் பதிவில் இருக்கும். திரையை விலக்கினேன். தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவரே திடுக்கிட்டுப்போயிருந்தார். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க" என்று மூன்று நான்கு முறை கேட்டேன், கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். அவர் வாயைக் கோணி முயன்றார். நெற்றி வியர்த்ததே தவிர ஒன்றும் வரவில்லை. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தங்கள் கணக்குப்படி பதினொரு நிமிடம். கடைசியில் அவர் இடக்கையைத் தூக்கி மேசையைக் காட்டி, "எழுது" என்றார். குழறவில்லை. கணீரென்று சொன்னார். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து மீதியை எழுதினேன். என்ன எழுதினேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாக நினைவில்லை.

8. ஜூலை 9 விசாரணை ஒன்பது நிமிடம் நடந்தது. குழுவில் மூவர் இருந்தனர். தலைவர் நான்கு வினாடிப் பகுதி ஒன்றை ஒலிக்கவிட்டார். அதில் "எழுது" என்பது மட்டும் இருந்தது. மறுபடி ஒருமுறை போடும்படி கேட்டேன். நேரத்தைக் கடத்துவதாகக் குறித்துக்கொண்டார்கள். குரல் யாருடையது என்று கேட்டதற்கு, "என் வீட்டுக்காரரோடதுங்க" என்றேன். நான் முன்பே அனுப்பியிருந்த மருத்துவச் சான்றைக் காட்டி, "இதுல இவரால பேச முடியாதுன்னு இருக்கு. பேச முடியாதவர் எப்படிம்மா விடை சொன்னார்? சான்று பொய்யா, நீங்க சொல்றது பொய்யா?" என்று தலைவர் கேட்டார். நானே அதைத்தானே இருபத்தைந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஆணையில் 'மாணவி பதிலளிக்கவில்லை' என்று உள்ளது.

9. அந்தக் கேள்விக்கான பதிலை இப்போது தருகிறேன். என் கணவருக்குப் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளர் அம்மையாரின் கடிதத்தை இணைத்துள்ளேன். இத்தகைய நோயாளிகள் நினைத்தபோது பேச முடியாமல் இருந்தாலும், பலமுறை காதில் விழுந்த சொல் ஒன்று எப்போதாவது தானாக வெளிப்படுவதுண்டு என்று அவர் எழுதியிருக்கிறார். ஆகவே சான்றும் பொய்யல்ல, நான் சொன்னதும் பொய்யல்ல.

10. நான் உதவி பெற்றேன் என்பது குற்றச்சாட்டு. தங்கள் கணினியில் ஒவ்வொரு விடையும் பதிவான நேரம் இருக்கும் என்று அறிகிறேன். என் விடை பதிவானது முன்பு, குரல் கேட்டது பின்பு. அதன்பின் அந்த விடையில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. மேலும், ஐயா, அவர் சொன்ன விடை தவறு. நான் பல மாதங்கள் அவர் காதருகே தவறாகச் சொல்லிச் சொல்லி ஏற்றிய விடை அது. அதைக் கேட்டு எழுதியிருந்தால் ஒரு மதிப்பெண் போயிருக்கும். வரலாறு படித்த தாங்களாவது இதைக் கவனிக்க வேண்டுகிறேன். விசாரணைக் குழுவில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

11. இனி, அனுப்பாத மூன்றாவது மனு. தங்கள் உதவி மையத்தில் பேசிய பெண் நல்லவிதமாகவே ஒரு வழி சொன்னார். "வெளிச் சத்தம்னு எழுதிக் குடுங்கம்மா, அதுக்கெல்லாம் மன்னிச்சு விட்டிருக்காங்க" என்றார். கொழுந்தனாரும் அதையே பிடித்துக்கொண்டு, "பக்கத்து வீட்டு டிவின்னு ஒரு வரி. கதை முடிஞ்சுது அண்ணி. டிசம்பர்ல வேலையில சேருங்க" என்று அழகாக எழுதியும் தந்தார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். கட்டிலிலிருந்து என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. டிவி என்று கையெழுத்திட்டால் என் பட்டம் கிடைக்கும். ஆனால் அவர் அன்று பேசவில்லை என்று ஆகிவிடும். ஒருமுறை யாரும் இல்லை என்று குறியிட்ட கை இது. இரண்டாம் முறை அதைச் செய்ய என்னால் முடியவில்லை. தாளைக் கிழித்துவிட்டேன். கொழுந்தனார் இரண்டு வாரமாக எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. உண்மையில் அவருக்கு அண்ணன் பேசினார் என்பதிலேயே நம்பிக்கை இல்லை. "ஆசையில உங்க காதுல விழுந்திருக்கு" என்கிறார். அண்ணன் மேல் பாசம் இல்லாதவரல்ல. நம்பி ஏமாறப் பயப்படுகிறார்.

12. அன்றிலிருந்து இன்றுவரை அறுபத்தாறு நாளாகியும் என் கணவர் வேறு எதுவும் பேசவில்லை. அவர் பேசினார் என்று இந்த உலகில் எழுத்துமூலம் சொல்லியிருப்பது தங்கள் இயக்ககம் ஒன்றே. 'ஓர் ஆண் குரல் தெளிவாகக் கேட்டது' என்று தங்கள் அறிவிப்பில் உள்ள வரியைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டினேன். அவர் தாளை இருமுறை படித்துவிட்டு, "அந்தப் பதிவு கிடைச்சா எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார். இப்போது அவர் இருட்டில் துழாவுவதுபோலத்தான் பயிற்சி தருகிறாராம். தேர்வுப் பதிவுகள் தொண்ணூறாம் நாளில் தாமாக அழிந்துவிடும் என்று உதவி மையம் சொல்கிறது. அது செப்டம்பர் 12. இன்னும் இருபத்து நான்கு நாள்களே உள்ளன.

13. எனவே தங்களிடம் நான் வேண்டுவது: முதலாவதாக, இம்மனு கிடைத்த அன்றே, மற்றதை முடிவுசெய்யும் முன்பே, அந்தப் பதிவை அழியாமல் நிறுத்திவைக்க உத்தரவிட வேண்டும். அடுத்து, நான்கு வினாடியை அல்லாமல் அதை முழுவதுமாகத் தாங்களே ஒருமுறை கேட்க வேண்டும். கேட்டபின், அறையில் ஒருவர் இருந்ததை மறைத்த குற்றத்துக்கு உரிய தண்டனையை விதியுங்கள். அதை மறுபேச்சின்றி ஏற்கிறேன். காப்பியடித்தேன் என்ற குற்றத்தை மட்டும் நீக்கி, என் தாளை மதிப்பிட உத்தரவிடுங்கள். அல்லது எந்த அறையில், எத்தனை பேர் முன்னிலையில் எழுதச் சொன்னாலும் மறுபடி எழுதுகிறேன். பதிவின் நகல் ஒன்றைப் பேச்சுப் பயிற்சியாளருக்குத் தர வேண்டும்.

14. நகல் கேட்டபோது, அதில் உள்ளது மூன்றாம் நபரின் குரல் என்றும், அவருடைய ஒப்புதல் இல்லாமல் யாருக்கும் தர இயலாது என்றும் உதவி மையம் தெரிவித்தது. நியாயமான விதிதான். ஒப்புதல் கடிதத்தை எழுதி நேற்று மாலை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். கைரேகை போதும் என்று மைப்பெட்டியை நீட்டினேன். அவர் அதைத் தள்ளிவிட்டார். பேனாவைக் காட்டினார். இடக்கையில் பிடித்து, முழுப் பெயரையும் எழுத நாற்பது நிமிடம் ஆயிற்று. நடுவே இரண்டு முறை பேனா கீழே விழுந்தது. எடுத்துத் தந்தேனே ஒழிய, அவர் கையை நான் தொடவில்லை.

தங்கள் உத்தரவுக்காகத் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருக்கும்,

மனுதாரர்
(கையொப்பம்)

இடம்: உறையில் கண்ட முகவரி
நாள்: ஆகஸ்ட் 19

இணைப்புகள்:
1. தண்டனை ஆணையின் நகல்.
2. மருத்துவச் சான்று.
3. பேச்சுப் பயிற்சியாளரின் கடிதம்.
4. குரலுக்கு உரியவரின் ஒப்புதல் கடிதம். கையொப்பம் அவருடைய பழைய ஆவணங்களில் உள்ளதோடு ஒத்துப்போகாது. இரண்டாம் எழுத்து கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது. இருந்தாலும் அது அவருடையதே.