அக்கி ஆறிய பிறகு

பக்கத்துக் குடித்தனத்தில் இன்று காலை புதுப் பானை வாங்கி வந்து தண்ணீர் ஊற்றினார்கள். ஈர மண் வாசனை நடை முழுவதும் பரவியது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏழு வருஷத்துக்கு முன் உங்கள் மார்பிலும் முதுகிலும் இதே வாசனைதான் இருந்தது.

யுத்த காலம். மாதுங்காவில் நமக்கு இரண்டாவது கோடை. இடது விலா எரிகிறது என்றீர்கள். மறுநாள் முதுகிலிருந்து மார்புவரை பட்டையாகக் கொப்புளங்கள். அக்கி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஊரில் குயவர் காவி குழைத்து, சிங்கம் வரைந்து அக்கி எழுதுவார். தாராவிக் குயவர் தெருவுக்கு நடந்தே போனேன். அங்கே எல்லோரும் குஜராத்திகள். என் அரைகுறை இந்தி அந்தக் கிழவருக்குப் புரியவே இல்லை. பானை வேண்டாமா, மண்தான் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு ஒரு கை செம்மண் கொடுத்தார். நானே குழைத்து நானே எழுதினேன்.

"என்னடீ சிங்கம் இது, பூனை மாதிரி இருக்கு" என்று சிரித்தீர்கள். அந்த நோயில் நீங்கள் சிரித்தது அது ஒன்றுதான்.

டாக்டர் என்னைத் திட்டினார்; மண்ணைக் கழுவச் சொல்லிக் களிம்பு கொடுத்தார். மூன்று வாரத்தில் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. வலி மட்டும் போகவில்லை.

"நரம்புல தங்கிடுத்து. சிலருக்கு மாசக்கணக்கா இருக்கும். இதுக்குன்னு மருந்து இல்லை" என்றார்.

ஊசி, மாத்திரை எதற்கும் வலி கேட்கவில்லை. ஜன்னல் காற்று பட்டாலே பல்லைக் கடித்தீர்கள். "தோலை உரிச்சு உப்பைத் தடவினாப்பல இருக்குடீ" என்பீர்கள். ஆபீஸுக்குச் சட்டை போட்டாக வேண்டுமே! உள்ளே இளம் வாழையிலையை வைத்துப் பார்த்தேன். அதுவும் உங்களுக்கு நெருப்பாக இருந்தது. லீவு முடிந்து ஆபீஸிலிருந்து இரண்டாவது கடிதம் வந்த மத்தியானம், நான் நிதானம் இழந்தேன்.

"புண் ஆறி நாலு மாசமாச்சு. தழும்புகூட மங்கிப்போச்சு. இன்னும் என்ன வலி? ஆத்துல உக்காந்துக்க ஒரு சாக்கா?"

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்துபோய், ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். ஒவ்வொரு பித்தானாகக் கழுத்துவரை போட்டீர்கள்.

"நாளைலேர்ந்து போறேன்."

போனீர்கள். நாலு வருஷம் தினமும் போனீர்கள். வலி என்ற வார்த்தையை அப்புறம் உங்கள் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை. குணமாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். குழந்தை ஓடி வந்தால், இடது கையை நீட்டித் தடுத்து வலது பக்கமாகவே தூக்கிக்கொள்வீர்கள். பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம்.

பிறகு டைபாய்டு வந்தது. பதினோராம் நாள் ஜன்னியில் என்னை யாரென்றே உங்களுக்குத் தெரியவில்லை. உடம்பைத் துடைக்க ஈரத் துணியோடு குனிந்தேன். நினைவே இல்லாத நீங்கள், இடது விலாவை இரண்டு கையாலும் மூடிக்கொண்டீர்கள். மறுநாள் போய்விட்டீர்கள்.

நான் நம்பியிருந்தால் வலி குறைந்திருக்காது. ஆனால் வலிக்கிறது என்று சொல்ல உங்களுக்கு ஒருத்தி இருந்திருப்பாள்.

நம் பெண்ணுக்கு இப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் போகச் சோம்பிக்கொண்டு வயிறு வலிக்கிறது என்கிறாள். பொய்யென்று தெரிந்தும், "படுத்துக்கோடீ கண்ணா" என்று பாயை விரிக்கிறேன். அதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. தெரியும். இருந்தாலும் விரிக்கிறேன்.