குறுக்கே கோடு விழுந்த வரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. நானும் நலம் என்று எழுதத்தான் பேனா வரவில்லை. மூன்று வாரமாக மெயிலே இல்லையே, அப்பாவுக்கு என்மேல் கோபமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். கோபமெல்லாம் இல்லையம்மா, மெயிலைத் திறக்கவே மனம் வரவில்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

எங்கள் சலவை ஆலையில் ஷிப்ட் மாறும்போது நோட்டில் எழுதுவதை நிறுத்தி எல்லாம் மெயிலில்தான் என்று ஆக்கியது உனக்குத் தெரியும். முக்கியமான வார்த்தைக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போடுங்கள், எழுத்து தடிமனாகத் தெரியும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். என் பழைய கம்ப்யூட்டரில் நட்சத்திரம் நட்சத்திரமாகவே நின்றது, மற்றவர்களுக்குத் தடிமனாகத் தெரிந்ததாம். நானும் எதற்கெடுத்தாலும் போட்டுத் தள்ளினேன். என்ன போர்மேன், மெயில் பூரா கத்துறீங்களே, காது வலிக்குது என்று கேலி செய்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் மதியம், துணி உலர்த்தும் மூன்றாம் நம்பர் டிரையருக்குள் நெட்டையன் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தான். நம் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வருவானே, நிலைப்படியில் தலை இடிக்காமல் நுழையத் தெரியாதவன், அவன்தான். உள்ளே ஆள் இருக்கும்போது யாரும் போட்டுவிடாமல் ஸ்விட்சுக்கு மாட்டும் பூட்டு உடைந்து இரண்டு மாதம், கேட்டும் வரவில்லை, பூட்டு இல்லாமல் ஆளை உள்ளே விட்டது என் தப்புதான். நான் கிளம்பும் நேரம், ஸ்விட்ச் அறை அடுத்த கட்டடத்தில், அடுத்த ஷிப்ட் எலக்ட்ரீஷியனுக்கு மெயில் எழுதினேன். நட்சத்திரத்தை யார் மதிக்கிறார்கள் என்று இந்த முறை வரிக்கு முன்னும் பின்னும் நெளிகோட்டுக் குறி (~) ஒவ்வொன்று போட்டேன். நெட்டையன் உள்ளே இருக்கிறான், மூன்றாம் நம்பருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டாம், இதுதான் வரி. அந்தக் குறி போட்டால் எழுத்தை அடித்துவிட்டதாக அர்த்தமாம், அவர் போனில் நெளிகோடு மறைந்து, வரி முழுக்கக் குறுக்கே கோடு அடித்துக் காட்டியிருக்கிறது. வேலை முடிந்து நானே அடித்துவிட்டேன் என்று நினைத்து ஸ்விட்சைப் போட்டுவிட்டார். நெட்டையனுக்கு வலது கை முழங்கைக்கு மேலே போய்விட்டதம்மா.

விசாரணையில் கோடு போட்டிருந்துச்சு சார், கோடு போட்டிருந்துச்சு என்று எலக்ட்ரீஷியன் சொல்லச் சொல்ல ஒருவரும் நம்பவில்லை. ஆபீசில் எடுத்த பிரிண்டில் கோடே இல்லை, நெளிகோடு இரண்டும் அப்படியே நின்றன. நானும் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போன ஞாயிறு அவர் மனைவி வந்தார், அவருடைய போனை என் முன்னால் வைத்தார். என் வரி, அதன் மேல் கோடு. மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, ரிட்டயர் ஆக எட்டு மாசம்தானே இருக்கு, வாயை மூடிக்கிட்டு இருங்களேன் என்றார். அம்மாவும் அதையேதான் சொன்னாள், சொல்லி அழுதுவிட்டு அவளே பேனாவை எடுத்துக் கொடுத்தாள். நெளிகோடு போட்டது நான்தான், அவர் சொன்னது உண்மை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எலக்ட்ரீஷியனை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள், இப்போது அவர் ஆலைக்கு உள்ளே, நான் வெளியே.

ஆஸ்பத்திரிக்குப் போய் நெட்டையனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நின்றேன். அந்த வரியைக் காட்டுங்க என்றான். எலக்ட்ரீஷியன் மனைவி அனுப்பியிருந்த படத்தை எடுத்துக் கொடுத்தேன், இடது கையால் வாங்கி வெகுநேரம் பார்த்தான். என் பேர் மேலயும் கோடு விழுந்திருக்கே போர்மேன் என்றான். அவ்வளவுதான், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நீ சொல்லிக்கொடுத்தது நட்சத்திரம், நெளிகோடு போட்டவன் நான். உனக்கு இதில் பங்கில்லை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அம்மாவிடம் போனில் இதைக் கிளறாதே, இரண்டு நாளாகத்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். தைராய்டு மாத்திரையை மறக்காமல் போடு. புதன்கிழமை மறுபடி விசாரணை, கேட்பதற்கெல்லாம் உள்ளதைச் சொல்வேன். நாளைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், அவன் திரும்பிப் பார்க்காவிட்டாலும் போவேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்டநாள் இருக்க வேண்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அப்பா