மழைக்குழாயும் ஒரு தும்மலும்

இன்று வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடை வாசலில் பச்சை நைலோன் கயிறு சுருள் சுருளாகத் தொங்கியது. பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கடைக்காரர் என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்டார். உம்மைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அவர் கடை பூட்டப் பிந்திவிடும்.

நீர் வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடிக்கு, என் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பெருமழை அடித்த பகலொன்றில் கதவைத் தட்டினீர்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்கட வீட்டில ஆர் வாளி வாளியாத் தண்ணி ஊத்துறது?"

"நானும் அதைத்தான் உம்மட்டைக் கேட்க இருந்தனான்."

இருவரும் சுவரில் காது வைத்தோம். தட்டைக் கூரையின் மழைநீரை இறக்கும் குழாய் நம் இரு வீட்டுக்கும் நடுச்சுவரால் போகிறது. மழை கொட்டும்போது கொறகொறப்பு. விட்ட பிறகும் நெடுநேரம் டொக், டொக்.

எனக்கு அது வெறும் எரிச்சல். உமக்கோ பிழைப்பு. வானொலி விளம்பரங்களுக்கும் சிறுவர் கதைகளுக்கும் குரல் கொடுத்த நீர், ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்துவந்தீர்.

"மாரி முழுக்க இப்பிடியெண்டால் ஆர் எனக்கு வேலை தருவினம்? வேற வீடுதான் பாக்கவேணும்."

அதற்குள் நீர் என் வீட்டுத் தேநீருக்கும் நான் உமது பேச்சுக்கும் பழகியிருந்தோம். உம்மை விட எனக்கு மனமில்லை.

மழை விட்டதும் கூரைக்கு ஏறினோம். இலைகளும் காகம் போட்ட எலும்புகளும் வடிகால் வாயை அடைத்துக் கிடந்தன. அள்ளி எறிந்தோம். அடுத்த மழையில் கொறகொறப்பு இல்லை. டொக், டொக் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு சொட்டும் நாலு மாடி உயரத்திலிருந்து குழாயின் அடிவளைவில் விழுந்துகொண்டிருந்தது.

இடுப்பில் கை வைத்து யோசித்தீர். "விழுறதாலதானே சத்தம்? விழவிடாமல் ஒரு கயித்தில வழுக்கி இறங்கப் பண்ணுவம்."

அப்படித்தான் பச்சை நைலோன் கயிறு வந்தது. நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டி நீர் மேலிருந்து இறக்க, நான் கீழே ஒழுங்கையில் குழாய் வாயருகே குந்தியிருந்தேன்.

"வந்திட்டுதோ?" என்று கத்தினீர். தினமும் வானொலியில் பிஸ்கட் விற்கும் குரல் ஆகாயத்திலிருந்து கேட்டதும், போன முச்சக்கரவண்டி நின்றுவிட்டது.

"அக்கா, பிஸ்கட்டோ வருது?" என்று அதன் சாரதி என்னைக் கேட்டார்.

கயிற்று நுனி எட்டிப்பார்க்க, மழையும் பிடித்துக்கொண்டது. மேல்நுனியை நீர் வடிகால் கம்பியில் முடிந்துவிட்டு ஓடிவந்தீர்.

மழை ஓய்ந்ததும், நனைந்த உடுப்போடு உமது அறை மூலையில் இருந்து காது கொடுத்தேன். சுவர் வாயே திறக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக நீர் ஒரு யானைக் கதையைப் பதியத் தொடங்கினீர். அப்போது பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. அடக்க அடக்கப் பெருத்து, வெடித்தேவிட்டது. நீர் ஒரு கணமும் தடுமாறவில்லை. யானையின் கனத்த குரலிலேயே, "ஆர் பிள்ளை அங்க நனைஞ்சது?" என்று கேட்டுவிட்டுக் கதையைக் கொண்டுபோனீர்.

பிறகு வெட்டச் சொன்னேன். "நல்ல தும்மல் அக்கா, இருக்கட்டும்" என்றீர்.

நீர் வேறு வீடு பார்க்கவில்லை. நோய் வந்து உம்மைக் கொண்டுபோகும்வரை எத்தனையோ மாரிகளை ஒரே சுவரின் இருபுறமும் கலகலப்பாகக் கழித்தோம்.

தங்கையின் பேத்தி கல்கிசையிலிருந்து வரும்போதெல்லாம் அந்த யானைக் கதைப் பதிவைத்தான் போடச் சொல்கிறாள். அந்த இடம் நெருங்கியதும் வாயைப் பொத்திக் காத்திருப்பாள். தும்மியது நான்தான் என்றால் நம்பமாட்டாள்.

"இல்லை, அது முயல்" என்பாள்.

சரி, முயலாகவே இருந்துவிட்டுப் போகிறேன். உமது யானை என்னை விசாரிக்கிறதே, அது போதும்.