இரண்டு கட்டை கீழே

நியூ ஆர்லியன்ஸ்,
12 மார்ச் 1956, திங்கள்.

என் அன்பு அல்சீட் அவர்களுக்கு,

ஒடில் எழுதுகிறேன். நானும் மகள் லோரெய்னும் சுகம். பாரிஸில் குளிர் விட்டதா? இங்கே அடுப்பில் சிவப்பு பீன்ஸ் வேகிறது. நடுநடுவே எழுந்து கிளறிவிட்டு வருகிறேன், கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய இசைத்தட்டு உடையாமல் வந்து சேர்ந்தது. நேற்று பூசை முடிந்ததும் க்ளோவிஸ் கேட்க வந்தார். முப்பது வருஷமாக உங்கள் பின்னால் டிரம்ஸ் அடித்தவர், உங்கள் டிரம்பெட் ஆரம்பித்ததுமே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஒரே சிரிப்பு. "பாத்தியா ஒடில், வெளிநாடு போனதும் நம்மாளுக்குப் பெரிய மனசு வந்துருச்சு! உச்சத்துக்குப் போற இடத்தையெல்லாம் அந்த கிளாரினெட் பையனுக்கே விட்டுக்குடுத்துட்டாரு!" என்றார். நானும் கூடச் சிரித்து வைத்தேன்.

அவர் போனபின் தனியாக நாலு தடவை போட்டுக் கேட்டேன். ஒரு தடவைகூட நீங்கள் மேலே ஏறவில்லை. கூட வாசிப்பவனுக்கு உச்சத்தை விட்டுக்கொடுக்கிற ஆளா நீங்கள்? என்னிடமா இந்தக் கதை? பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மாதமாக சூப்பு, சூப்பு, சூப்புதான். விலா எலும்பைக் கடித்துப் பொடியாக்குகிற மனுஷர்! போகும்போதே ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்துவிட்டது, டிரம்பெட்டை அழுத்தி ஊத உதட்டுக்குப் பின்னால் பிடிமானம் இல்லை, அதனால்தான் மேல் சுரம் எட்டவில்லை, அப்படித்தானே? ஐயோ, அதை ஐந்து மாதம் தனியாகவா சுமந்தீர்கள்? எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும்தான்.

ஒப்பந்தம் நீண்டுவிட்டது, கல்யாணத்துக்கு வர முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை லோரெய்னிடம் இன்னும் காட்டவில்லை. ஏப்ரல் 21 சனிக்கிழமை அவள் கல்யாணம். தேவாலய வாசலிலிருந்து வீடு வரை அப்பா முன்னால் வாசித்துக்கொண்டு நடக்க, தெருவே ஆடிக்கொண்டு பின்னால் வரும் என்று பிறந்ததிலிருந்து கனவு காண்கிறாள். "அப்பா வருவாரா மாட்டாரா, ஒத்த வார்த்தை சொல்லும்மா" என்று தினமும் பிடுங்கி எடுக்கிறாள்.

தெரு முழுக்கப் பார்க்க அந்த உச்ச சுரத்தில் சறுக்கிவிடுவோமோ என்று பயம் உங்களுக்கு. எனக்குத் தெரியாதா? அதனால் இன்று காலை க்ளோவிஸ் வீட்டுக்குப் போய், அன்றைக்கு நானும் பாடப்போகிறேன், வயசாகிவிட்டது, குரல் ஏறமாட்டேன் என்கிறது, பாட்டையெல்லாம் இரண்டு கட்டை இறக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். "உன் தொண்டைக்காக மொத்த பேண்டும் இறங்கணுமா? அல்சீட் வந்தா கத்துவாரே!" என்றார். கத்தினால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பல் விஷயம் யாருக்கும் தெரியாது.

அதுவும் முடியாதென்றால் டிரம்பெட் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். வெறுங்கையோடு வாருங்கள். அவள் பிடித்துக்கொண்டு நடக்க அந்தக் கை போதும். எனக்கும் அது போதும்.

கப்பலில் காற்று படாமல் கழுத்தைச் சுற்றிக்கொள்ளுங்கள். மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

தொண்டை போன,
உங்கள் ஒடில்